முதலில் ஒரு ஸ்டூல் போடுங்கள்

பத்தொன்பது வயதில் எனக்குக் கிடைத்த முதல் வேலை, நிற்பது. புடவை காட்டுவதும் மடிப்பதும் அதற்குப் பிறகுதான். மதுரையில் ஒரு பெரிய ஜவுளிக் கடையின் இரண்டாம் மாடி. காலை ஒன்பதரைக்குக் கௌன்டருக்குப் பின்னால் போய் நின்றால் இரவு ஒன்பதரைக்குத்தான் கீழே இறங்குவோம். ஆடித் தள்ளுபடிக்கும் தீபாவளிக்கும் பதினொன்று ஆகிவிடும். 2008இல் சேர்ந்து மூன்றரை ஆண்டுகள் நின்றேன். கடைக்குள் செருப்பு கூடாது. டைல்ஸ் தரையில் வெறுங்கால். மத்தியானம் அரை மணி நேரம் மொட்டை மாடித் தகரக் கொட்டகையில் தரையில் உட்கார்ந்து சாப்பிடுவோம். ஒரு நாளில் உட்காருவது அந்த அரை மணி நேரம் மட்டுமே.

உட்கார்ந்தால் ஐம்பது ரூபாய் அபராதம். அன்றைக்கு என் மாதச் சம்பளம் 3,500 ரூபாய். கௌன்டரில் ஆள் இல்லாத மத்தியான நேரத்தில்கூட, சுவரில் சாய்ந்தால் கேமராவில் பார்த்துவிட்டு இன்டர்காமில் கூப்பிடுவார்கள். சூப்பர்வைசர் அண்ணன் வந்து, “என்னம்மா, கால் வலிக்குதா? வீட்ல போய்ப் படுத்துக்கிறியா?” என்பார். கேட்கிற தொனியில் அக்கறை இருப்பதுபோலவே இருக்கும். அது வேலையை விட்டு நிறுத்துவோம் என்பதற்கான மொழி என்று முதல் வாரத்திலேயே மூத்த அக்காக்கள் சொல்லிக்கொடுத்துவிட்டார்கள்.

அவர்கள் சொல்லிக்கொடுத்த இன்னொன்று, கீழ்த் தட்டு வித்தை. அலமாரியின் கடைசித் தட்டில் துணி தேடுவதுபோல் குந்திக்கொள்ள வேண்டும். இரண்டு பீஸை எடுத்து வைத்து, எடுத்து வைத்து, ஒரு நிமிடத்தை இரண்டு நிமிடமாக நீட்டலாம். உள்பாவாடை செக்‌ஷனுக்கு மாற்றிவிட்டால் எங்களுக்குக் கொண்டாட்டம். அங்கே சரக்கெல்லாம் கீழ்த் தட்டில்தான் இருக்கும். ஒரு பெண் தன் உடம்பைத் தானே இரண்டு நிமிடம் திருட வேண்டியிருந்த இடம் அது. இதற்குத்தான் நாங்கள் ‘வேலைக்குப் போகிறோம்’ என்று ஊரில் பெருமையாகச் சொல்லிக்கொண்டோம்.

சிறுநீர் கழிக்க டோக்கன். ஒரு மாடிக்கு ஒரு டோக்கன். அதை வாங்கிக்கொண்டு இன்னொருத்தி போயிருந்தால் அவள் வரும்வரை காத்திருக்க வேண்டும். அதனால் நாங்கள் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டோம். பிறகு நிறுத்தியே விட்டோம். மாதவிடாய் நாட்களில் நாப்கின் மாற்ற டோக்கனுக்காக நின்ற நேரத்தை நான் யாருக்கும் விவரிக்கப் போவதில்லை. படிக்கிற பெண்களுக்குத் தெரியும். என்னோடு வேலை பார்த்தவர்களில் முப்பது வயதைத் தாண்டிய அக்காக்களின் கெண்டைக்காலில் நீல நரம்பு சுருண்டு புடைத்திருந்தது. புடவை உடுத்தியிருந்ததால் வாடிக்கையாளர்களுக்குத் தெரியாது. வெரிகோஸ் வெயின் என்று அதற்குப் பெயர் இருப்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. அவர்கள் அதை ‘கடை நரம்பு’ என்றார்கள்.

இதை ஏன் இங்கே முதலில் சொல்கிறேன்? பணியிடச் சமத்துவம் பற்றி இன்று பேசுகிறவர்கள் எல்லாரும் மேலிருந்து தொடங்குகிறார்கள். இயக்குநர் குழுவில் எத்தனை பெண்கள், தலைமைப் பொறுப்பில் எத்தனை பேர், பெண்கள் மேலே ஏறவிடாமல் தடுப்பது எது என்று கேட்கிறார்கள். கேட்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் நான் கீழிருந்து தொடங்குகிறேன். ஒரு பணியிடம் பெண்ணை மனுஷியாக மதிக்கிறதா என்று அறிய எனக்கு ஒரே கேள்வி போதும். அங்கே மிகக் குறைந்த சம்பளம் வாங்குகிற பெண், யாரிடமும் கேட்காமல் உட்கார முடியுமா?

இந்தக் கேள்வி சட்டத்துக்குப் புதியதல்ல. இங்கிலாந்தில் கடைப் பணிப்பெண்களுக்கு இருக்கை தர வேண்டும், மூன்று பெண்களுக்கு ஒரு இருக்கையாவது வேண்டும் என்று 1899லேயே சட்டம் வந்துவிட்டது. இந்தியாவில் 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 44ஆம் பிரிவில், நின்றுகொண்டே வேலை செய்ய வேண்டிய தொழிலாளர்களுக்கு உட்கார ஏற்பாடு வேண்டும், வேலைக்கு நடுவில் ஓய்வு வாய்த்தால் அவர்கள் அதைப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும் என்று சொன்னது. ஆக, மில்லில் நிற்கிறவருக்குக் கால் வலிக்கும் என்பது சுதந்திரம் வந்த மறு ஆண்டே அரசுக்குத் தெரிந்திருந்தது. கடையில் நிற்கிறவருக்குக் கால் வலிக்கும் என்பது தெரிய, தமிழ்நாட்டில் 2021 ஆக வேண்டியிருந்தது. அந்த ஆண்டு செப்டம்பரில் சட்டமன்றத்துக்கு வந்த மசோதா, 1947ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-அ என்ற பிரிவைச் சேர்த்தது. ஒவ்வொரு நிறுவனத்திலும் எல்லாப் பணியாளர்களுக்கும் பொருத்தமான இருக்கை வசதி இருக்க வேண்டும், வேலை நேரம் முழுவதும் நின்றபடியே இருக்கும் நிலை கூடாது என்கிறது அது. 1948க்கும் 2021க்கும் இடையே 73 ஆண்டுகள். என் மூன்றரை ஆண்டுகளும் அதற்குள் அடங்கிவிட்டன.

அந்தப் பிரிவும் தானாக வந்துவிடவில்லை. அதற்கு மூன்றாண்டுகள் முன்பு, 2018இல், கேரளம் தன் கடைகள் சட்டத்தைத் திருத்தி உட்காரும் உரிமையைச் சேர்த்திருந்தது. அதற்குப் பின்னால் இருந்தவர்கள் கோழிக்கோடு மிட்டாய்த் தெருவின் பெண் தொழிலாளர்கள். விஜி என்ற தையல் தொழிலாளி கூட்டிய ‘பெண்கூட்டு’ என்ற அமைப்பு, முதலில் கேட்டது கழிப்பறை. அந்தத் தெருவில் நாள் முழுக்க வேலை பார்த்த பெண்களுக்குச் சிறுநீர் கழிக்க இடமில்லை. அந்தப் போராட்டத்துக்குப் பிறகு கேட்டது இருக்கை. கூலி, போனஸ் என்று பேசிய சங்கங்களின் கோரிக்கைப் பட்டியலில் இந்த இரண்டும் இருந்ததில்லை. சங்கத்தில் பேசியவர்களுக்குத் தெருவோரச் சுவர் போதுமானதாக இருந்தது என்பதைத் தவிர இதற்கு வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை.

ஒன்றைக் கவனியுங்கள். மூத்திரத்துக்கும் ஸ்டூலுக்கும் போராடிய பெண்கள் வாங்கித் தந்த சட்டத்தில் ‘பெண் பணியாளர்கள்’ என்று இல்லை, ‘எல்லாப் பணியாளர்கள்’ என்று இருக்கிறது. சட்டை செக்‌ஷனில் நிற்கிற தம்பிக்கும் அது பொருந்தும். சூப்பர் மார்க்கெட் வாசலில் நிற்கிற அறுபது வயது செக்யூரிட்டி ஐயாவுக்கும் பொருந்தும். பெண்ணியம் ஆண்களிடமிருந்து எதையோ பிடுங்குகிறது என்று வாட்ஸ்அப்பில் எழுதுகிற அண்ணன்மார்கள் இதைக் கொஞ்சம் உட்கார்ந்து யோசிக்கலாம்.

சட்டம் வந்துவிட்டது, பிறகென்ன என்று கேட்பீர்கள். கடைக்குப் போய்ப் பாருங்கள். சில கடைகளில் ஸ்டூல் வந்திருக்கிறது. என் பழைய தோழிகளைக் கேட்டேன். ஒருத்தி சொன்னாள்: “ஸ்டூல் இருக்குடி. அதுமேல துணி இருக்கு.” இன்னொருத்தியின் கடையில் ஸ்டூல் ஸ்டோர் ரூமில் இருக்கிறது. ஆய்வாளர் வருகிறார் என்று தகவல் வந்தால் தளத்துக்கு வரும். மூன்றாமவள் சொன்னதுதான் என்னைத் தைத்தது: “உட்காரலாம்னுதான் சொல்றாங்க. ஆனா யாரு உட்காந்தான்னு பாக்குறாங்க.”

ஓட்டை அங்கேதான். வேலைக்கு நடுவில் உட்கார வாய்ப்பு ஏற்படும்போது உட்காரலாம் என்கிறது சட்டம். வாய்ப்பு ஏற்பட்டுவிட்டது என்று யார் முடிவு செய்வது? நிற்கிறவளா, கேமராவில் பார்க்கிறவரா? சட்டம் ஸ்டூலைக் கொடுத்தது, முடிவை முதலாளியிடமே விட்டுவிட்டது. அந்த முடிவைக் கையில் எடுக்கக் கூடச் சேர்ந்து நிற்க ஆள் வேண்டும். தனியாக உட்கார்ந்தவள் சோம்பேறி. பத்துப் பேராக உட்கார்ந்தால் அது வழக்கம். சங்கம் என்ற சொல்லைக் கேட்டாலே வேலையை விட்டு அனுப்புகிற இடத்தில் அந்தப் பத்துப் பேர் எப்படிச் சேர்வது என்பதுதான் உண்மையான சமத்துவப் பிரச்சினை. அதைப் பற்றி எந்தக் கருத்தரங்கும் நடப்பதில்லை.

இருக்கை கேட்டால் வரும் பதில்கள் எனக்கு மனப்பாடம். வாடிக்கையாளர் நிற்கும்போது விற்கிறவள் உட்கார்ந்திருந்தால் மரியாதையாக இருக்காது என்பது முதலாவது. என் அம்மாச்சியோடு சின்ன வயதில் நான் போன ஜவுளிக் கடைகள் எனக்கு நினைவிருக்கின்றன. மேடை போட்டு, வெள்ளை விரிப்பு விரித்த மெத்தை. கடைக்காரர் சம்மணம் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருப்பார். நாங்களும் உட்காருவோம். அவர் உட்கார்ந்தபடியே பின்னாலிருந்து புடவையை உருவி எங்கள் முன் விசிறிப் போடுவார். அது யாருக்கும் மரியாதைக் குறைவாகத் தோன்றவில்லை. அந்த மேடைகளில் நான் பார்த்த எல்லாரும் ஆண்கள். மேடை போய்க் கண்ணாடிக் கௌன்டர் வந்தது. மலிவான சம்பளத்துக்குக் கிராமத்துப் பெண்கள் வந்தார்கள். உட்காருவது அப்போதுதான் மரியாதைக் குறைவாக ஆனது.

உட்கார்ந்தால் சோம்பல் வரும் என்பது இரண்டாவது பதில். கல்லாவில் இருக்கிற முதலாளி காலையிலிருந்து இரவுவரை உட்கார்ந்தே இருக்கிறார். அவருடைய சுறுசுறுப்பு எங்கேயாவது குறைந்திருக்கிறதா? பில் போடுகிறவர் உட்கார்ந்திருக்கிறார். கணக்கு எழுதுகிறவர் உட்கார்ந்திருக்கிறார். உட்காருவதால் கெட்டுப்போகிற சுறுசுறுப்பு, விற்கிற பெண்ணுக்கு மட்டும் எப்படி வாய்த்தது?

மூன்றாவது பதில், வீட்டிலிருந்தே வருவது. “நாங்கள்லாம் நிக்காததா? பொம்பளைன்னா நிக்கணும்.” அடுப்படியில் நின்றே சமைத்து, எல்லாரும் உட்கார்ந்து சாப்பிடும்போது நின்றே பரிமாறி, கடைசியில் அடுப்படி ஓரத்தில் நின்றபடியே நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொண்ட தலைமுறை சொல்கிற பதில் இது. அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் முதலாளிக்கு இதைவிட வசதியான வாதம் வேறில்லை. நிற்பதற்கான பயிற்சியை வீடே இலவசமாகக் கொடுத்து அனுப்பிவிடுகிறது. 2010இல் ‘அங்காடித் தெரு’ படம் வந்தபோது எங்கள் வாழ்க்கையைப் படமாக எடுத்திருக்கிறார்கள் என்று ஊரெல்லாம் பேசியது. அதைப் பார்க்க எங்களுக்கு லீவு கிடைக்கவில்லை. படம் பார்த்துவிட்டு வந்த வாடிக்கையாளர்கள் எங்களைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். பார்த்துவிட்டு, இன்னொரு பத்துப் புடவையைப் பிரித்துக் காட்டச் சொன்னார்கள்.

நம் ஊரில் உட்காருவது வெறும் கால் சம்பந்தப்பட்ட விஷயமாக என்றைக்கும் இருந்ததில்லை. யார் முன்னால் யார் உட்காரலாம், யார் திண்ணையில் யார் தரையில் என்பதையெல்லாம் சாதிதான் எழுதி வைத்திருக்கிறது. 2020இல் கடலூர் மாவட்டம் தெற்குத் திட்டை ஊராட்சியின் படம் ஒன்று வெளியானது. கூட்டத்தில் மற்றவர்கள் நாற்காலியில் இருந்தார்கள். மக்கள் தேர்ந்தெடுத்த தலைவரான தலித் பெண் தரையில் உட்கார்ந்திருந்தார். பதவி இருந்தது, சட்டம் இருந்தது, இடஒதுக்கீடு இருந்தது, நாற்காலி இல்லை. அந்தப் படத்தைப் பார்த்துக் கொதித்தவர்களில் பலர் தங்கள் அலுவலகத்தில் யார் எங்கே உட்காருகிறார்கள் என்று ஒருமுறையாவது சுற்றிப் பார்த்திருப்பார்களா என்று எனக்குச் சந்தேகம். நான் பார்த்திருக்கவில்லை. என் குற்றத்தை இனிமேல்தான் சொல்ல வேண்டும்.

கடையில் இருந்தபடியே தொலைதூரக் கல்வியில் பி.காம். முடித்தேன். சென்னைக்கு வந்தேன். ஒன்றிரண்டு இடங்கள் மாறி, இப்போது கண்ணாடிக் கட்டடம் ஒன்றில் இருக்கிற நிறுவனத்தில் சம்பளக் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். முதல் நாள் எனக்குக் கொடுத்த நாற்காலி சுழலும், உயரும், தாழும், முதுகை ஏந்திக்கொள்ளும். அதில் உட்கார்ந்து யாருக்கும் தெரியாமல் அழுதேன். அதன் விலையை ஒருநாள் கணக்கில் பார்த்தேன். என் பழைய சம்பளத்தில் ஐந்து மாதம்.

இந்த நிறுவனத்தில் பன்மைத்துவக் குழு என்று ஒன்று உண்டு. என் பின்னணியைக் கேட்டு என்னையும் அதில் சேர்த்தார்கள். ‘துணிக்கடையிலிருந்து இங்கே’ என்று என்னைப் பற்றி ஒரு சின்ன வீடியோகூட எடுத்தார்கள். மார்ச் 8ஆம் தேதி ஊதா நிறத்தில் உடுத்தி வர வேண்டும். கேக், ரோஜா, கோலப் போட்டி. வரவேற்பறைச் சுவரில் எங்களிடம் பெண்கள் எத்தனை விழுக்காடு என்று ஆள் உயர எழுத்தில் ஒட்டியிருக்கும்.

எங்கள் தளத்தின் கழிப்பறையைச் சுத்தம் செய்கிற அக்கா அந்த விழுக்காட்டில் இல்லை. அவர் ஒப்பந்தக்காரரின் ஆள். காலை ஆறரைக்கு வந்துவிடுவார். நான் அவரை அக்கா என்பேன், அவர் என்னை மேடம் என்பார். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். ஒருநாள் பகல் மூன்று மணிக்குக் கழிப்பறைக்குப் போனபோது, கடைசித் தடுப்புக்குள், வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் பதறி எழுந்து, துடைப்பானை எடுத்துக்கொண்டு துடைத்த தரையையே மறுபடி துடைத்தார். அந்தத் துடைப்பு எனக்குத் தெரியும். அது கீழ்த் தட்டு வித்தை.

“உக்காருங்கக்கா” என்றேன். “இல்ல மேடம், முடிச்சுட்டேன்” என்றார். நான் என் நாற்காலிக்குத் திரும்பி வந்துவிட்டேன். அன்றைக்கே எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை என்பதை மறைக்காமல் எழுதுகிறேன்.

இரண்டு வாரம் கழித்து, மகளிர் தினத்துக்கு முந்தைய நாட்களில், கட்டடப் பராமரிப்புப் பிரிவிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. வெளிநாட்டு விருந்தினர்கள் வருகிறார்கள், துப்புரவுப் பணியாளர்கள் கழிப்பறைக்குள் உட்கார்ந்திருப்பதாகப் புகார் வந்திருக்கிறது, இனி அப்படி நடக்காது என்று இருந்தது. குழுக் கூட்டத்தில் நான் அதை எடுத்தேன். “அவர்கள் உட்கார வேறு இடம் இருக்கிறதா?” என்று கேட்டேன். “அது வெண்டர் விஷயம், நம் வரம்புக்குள் வராது” என்று பதில் வந்தது. பதில் சொன்னவரும் பெண்தான், நல்லவர்தான். அடுத்த விஷயம் கேக்கில் முட்டை சேர்ப்பதா வேண்டாமா என்பது. நான் அதிலும் கருத்துச் சொன்னேன்.

மார்ச் 8 அன்று மேடையில் ஏறி நான் நின்ற கதையைச் சொன்னேன். கைதட்டினார்கள். மறுநாள் கழிப்பறையில் வேறொரு அக்கா இருந்தார். பழைய அக்காவை வேறு கட்டடத்துக்கு மாற்றிவிட்டார்கள். பெரும்பாக்கத்திலிருந்து இங்கே வர அவருக்கு ஒரு பஸ். புதிய இடத்துக்கு மூன்று. இதைச் சொன்னது புதிய அக்கா. வாளியும் அங்கே இல்லை. சக்கரம் வைத்த வாளி கொடுத்திருந்தார்கள். அதைக் கவிழ்த்து உட்கார முடியாது.

நிற்கிற வலி என்னவென்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தெரிந்தும் வாயை மூடிக்கொண்டேன். ‘வரம்பு’ என்ற சொல் அவ்வளவு வசதியாக இருந்தது. மேலே வந்துவிட்ட ஒருத்தியைக் காட்டி, கீழே நிற்கிறவர்களைப் பார்வையிலிருந்து எடுத்துவிடுவதற்குப் பன்மைத்துவம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அந்தக் காட்சிக்கு நான் சம்மதித்து நின்ற பொம்மை. என் கதையைச் சொல்ல மேடை கொடுத்தவர்கள், அதே கதை கழிப்பறைக்குள் நடந்துகொண்டிருந்தபோது அதைப் புகாராகத்தான் வாசித்தார்கள்.

வரம்பு என்று சொன்னார்களே, அதையும் சட்டத்தில் தேடினேன். பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம், பணியாளர் யார் என்று சொல்லும்போது ஒப்பந்தக்காரர் மூலம் வருகிறவரையும் சேர்த்தே சொல்கிறது. ஆகவே எங்கள் அலுவலகத்தின் உள்ளகக் குழு அந்த அக்காவுக்கும் உரியது. அந்தக் குழுவைப் பற்றிய அறிவிப்பு கழிப்பறைக் கதவுக்குப் பின்னால் ஒட்டியிருக்கிறது, முழுக்க ஆங்கிலத்தில். அதன் கண்ணாடியைத் தினமும் ஈரத் துணியால் துடைக்கிறவருக்கு அதில் என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் சொன்னதில்லை. 22-அ பிரிவும் ‘எல்லாப் பணியாளர்களும்’ என்றுதான் சொல்கிறது. சம்பளச் சீட்டில் யார் பெயர் இருக்கிறது என்று பார்த்துக் கால் வலிப்பதில்லை.

எண்ணிக்கை வேண்டாமா என்று கேட்கலாம். வேண்டும். கல்லூரி முடித்த பெண்ணுக்கு வேலை மறுக்கப்படுவதும், பிரசவ விடுப்புக்குப் போனவள் திரும்பி வரும்போது அவள் இடத்தில் வேறொருவர் இருப்பதும் சின்ன அநீதிகளல்ல. பெண்ணாக மாறிய திருநங்கை ஒருவருக்கு எந்தக் கழிப்பறை என்று பத்து மாதம் விவாதிக்கிற அலுவலகங்கள் இருக்கின்றன. அதுவும் சண்டை போட வேண்டிய விஷயம்தான். நான் சொல்வது, இந்தச் சண்டைகளையெல்லாம் ஒரே கட்டடத்துக்குள் வைத்துப் போட வேண்டும் என்பது. என் பதவி உயர்வுக்காகப் பேசுகிற குழு, என் மேசையைத் துடைக்கிறவரின் ஸ்டூலுக்காகப் பேசாது என்றால் அதைப் பெண்கள் குழு என்று அழைக்க எனக்கு வாய் வரவில்லை. ஒரு பகுதிப் பெண்களின் நலச் சங்கம் என்று அழைக்கலாம்.

இதை வாசிக்கிறவர்களில் மாணவிகள் இருப்பீர்கள். இன்னும் ஓரிரு ஆண்டுகளில் வளாகத் தேர்வுக்கு வருகிற நிறுவனங்கள் உங்களுக்குப் பன்மைத்துவக் கொள்கையைப் படம் போட்டுக் காட்டும். கேள்வி இருக்கிறதா என்று கடைசியில் கேட்பார்கள். கேளுங்கள். உங்கள் கட்டடத்தில் துப்புரவு செய்கிற பெண்கள் எங்கே உட்காருகிறார்கள்? எங்கே சாப்பிடுகிறார்கள்? நீங்கள் போகிற கழிப்பறைக்கு அவர்களும் போகலாமா? 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று 2017இல் மகப்பேறு சலுகைச் சட்டம் திருத்தப்பட்டது. அந்தக் காப்பகத்தில் அவர்களின் பிள்ளைக்கு இடமுண்டா? உள்ளகக் குழுவின் பெயர்ப் பலகை தமிழில் இருக்கிறதா? உங்களுக்கு வேலை கிடைக்காமல் போய்விடுமோ என்று பயமாக இருந்தால், சேர்ந்த பிறகு கேளுங்கள். ஆனால் தனியாகக் கேட்காதீர்கள். நான் தனியாகக் கேட்டேன், ‘வரம்பு’ என்று ஒரே சொல்லில் உட்கார வைத்துவிட்டார்கள்.

துணி எடுக்கப் போகிறவர்களுக்கும் ஒன்று சொல்வேன். புடவை காட்டுகிற பெண்ணைப் பார்த்துப் பரிதாபப்பட வேண்டாம். அவளிடம், ‘நீ ஏன் உட்காரவில்லை’ என்று கேட்டு அவளைச் சிக்கலில் மாட்டிவிடவும் வேண்டாம். கல்லாவில் இருப்பவரிடம் போய், ‘இந்தத் தளத்தில் ஸ்டூல் எங்கே?’ என்று சத்தமாகக் கேளுங்கள். கடைக்காரருக்கு வாடிக்கையாளரின் குரல்தான் காதில் விழும். அவர் சிரித்து மழுப்பினால், தொழிலாளர் துறைக்கு ஒரு மனு எழுதலாம். சட்டம் இருக்கிறது என்று இரண்டு பக்கத்துக்கும் தெரிந்தால்தான் அது சட்டம்.

நான் செய்தது என்ன என்று கேட்பீர்கள். கொஞ்சம்தான். அந்த மார்ச்சுக்குப் பிறகு, எங்கள் பிரிவிலிருந்து ஆறு பெண்களும் இரண்டு ஆண்களும் கையெழுத்துப் போட்டு ஒரு கடிதம் கொடுத்தோம். சட்டப் பிரிவின் எண்ணைக் குறிப்பிட்டுக் கொடுத்தோம். பதிலில்லை. மறுபடியும் கொடுத்தோம். நாலாவது கடிதத்துக்குப் பிறகு ஒவ்வொரு தளத்திலும் சர்வீஸ் லிஃப்டுக்கு எதிரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வந்தது. உள்ளகக் குழு அறிவிப்பைத் தமிழில் மொழிபெயர்த்து நாங்களே ஒட்டினோம். மாற்றி அனுப்பப்பட்ட அக்காவைத் திரும்பக் கூட்டி வர முடியவில்லை. ஒப்பந்தக்காரர் மாறிவிட்டார், அவர் எங்கே இருக்கிறார் என்று தெரியாது என்றார்கள். அவரிடம் நான் கேட்க வேண்டிய மன்னிப்பு அப்படியே இருக்கிறது.

பன்மைத்துவக் குழுவிலிருந்து என்னை நீக்கவில்லை. நானும் விலகவில்லை. அடுத்த கூட்டத்துக்கு ஒப்பந்தப் பணியாளர்களில் ஒருவரை உறுப்பினராகச் சேர்க்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். பரிசீலனையில் இருக்கிறதாம்.

போன வாரம் லிஃப்டுக்கு எதிரே போனபோது அந்தப் பிளாஸ்டிக் நாற்காலிக்குப் பக்கத்தில் புதிய அக்கா நின்றுகொண்டிருந்தார். நாற்காலி காலியாக இருந்தது. என்னைப் பார்த்ததும், “உக்காரலாமா மேடம்?” என்று கேட்டார். உங்களுக்காகப் போட்டதுதான், யாரையும் கேட்க வேண்டியதில்லை என்றேன். தலையை ஆட்டினார். நான் திரும்பிப் பார்க்காமல் நடந்து போனேன். பார்த்தால் எழுந்துவிடுவார் என்று தெரியும்.